காலி வகுப்பறை பதினைந்து நிமிடம் வேண்டி: தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பவள் நான். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று எது கேட்டாலும் பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்துவிடுவேன். என் சொந்த மனு இது ஒன்றுதான். இதை எழுத மூன்று வருடம் ஆகிவிட்டது. மனு என்றால் ‘பொருள்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும், பழக்கத்தை விட முடியவில்லை. பொருள்: காலையில் காலியாக இருக்கும் வகுப்பறையைப் பதினைந்து நிமிடம் தந்து உதவ வேண்டுதல் தொடர்பாக.

என் மகளுக்கு இப்போது ஏழு வயது. வீட்டில் அவள் வாய் ஓயாது. பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கதை சொல்வாள், அவள் அப்பாவின் செருப்பை அதட்டுவாள். காலையில் ஸ்கூட்டியில் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவள் பேசுகிற பேச்சில் ஹாரன் சத்தம்கூட எனக்குக் கேட்காது. பள்ளிக்கு முந்தைய திருப்பத்தில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அந்தக் கடை வரைக்கும்தான் பேச்சு. தாண்டிய நொடியில் நின்றுவிடும். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி, மீதி அப்படியே தொண்டைக்குள் போய்விடும். மாலையில் அதே சைக்கிள் கடை வந்ததும், காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

எல்கேஜி, யூகேஜி இரண்டு வருடமும் ஒரு தனியார் பள்ளியில் படித்தாள். பெயர் வேண்டாம். இரண்டு வருடத்தில் அங்கே யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை. முதலில் ‘கூச்சம்’ என்றார்கள், அப்புறம் ‘அடம்’, அப்புறம் ‘அழுத்தக்காரி’. ‘வாயில என்ன கொழுக்கட்டையா?’ என்பது தினசரி வரவேற்பு. ஒரு நாள் ‘டிபன் பாக்ஸ் வேணும்னு வாயத் திறந்து கேட்டாத்தான் தருவேன்’ என்று ஓர் ஆசிரியை பந்தயம் வைத்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். அன்றைக்கு என் மகள் சாப்பிடவில்லை. டப்பாவில் வைத்த எலுமிச்சை சாதம் அப்படியே வீட்டுக்கு வந்தது.

சாப்பாடு ஒரு நாள்தான். தண்ணீர் பாட்டில் தினமும் அப்படித்தான் வந்தது. காலையில் நிரப்பிக் கொடுத்தது மூடிகூடத் திறக்காமல் திரும்பி வரும். தண்ணீர் பிடிக்கவில்லை போல என்று நினைத்து ரஸ்னா கலந்து கொடுத்தேன், அதுவும் திரும்பி வந்தது. இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்த பிறகு, இரவில் படுக்கையில் கேட்டேன். சொன்னாள்: ‘குடிச்சா பாத்ரூம் வரும்மா. வந்தா கேக்கணும்ல.’

நான்கு வயதுப் பிள்ளை போட்ட கணக்கு அது. இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள். பேசாத குழந்தை உங்கள் வகுப்பில் இருந்தால் முதலில் அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். மேசை ஓரத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு, ‘இதை எடுத்துக் காட்டினால் போதும், நீ போகலாம்’ என்று எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். அவளுக்கு மட்டும் என்று சொன்னால் அட்டையை எடுக்கவும் பயப்படுவாள்.

என் மாமியார் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். வசம்புக்கே ‘பேர் சொல்லாதது’ என்றுதான் பேர். தன் பேரைச் சொல்லாத பேத்திக்குப் பேர் சொல்லாத மருந்து என்று வீட்டில் சிரித்துக்கொண்டோம். அழுவதற்குப் பதிலாகத்தான் சிரித்தோம். காது சோதனை செய்தோம், காது சரியாக இருந்தது. ஆட்டிசமா என்று ஒருவர் சந்தேகப்பட்டார். வீட்டில் சண்டை சச்சரவா என்று ஒருவர் கேட்டார். அதிர்ச்சி எதையாவது பார்த்த குழந்தைதான் வாய் மூடிப் போகும் என்று சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் நடந்திருப்பதில்லை. பிறவியிலேயே கொஞ்சம் பயந்த சுபாவம், பெரும்பாலும் குடும்பத்திலும் யாராவது அப்படி இருப்பார்கள். என் வீட்டில் அது நான்தான். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற வேலையை நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்று இப்போதுதான் புரிகிறது.

கடைசியில் மதுரையில் குழந்தைகளுக்கான மனநலச் சிகிச்சையாளர் ஒருவர்தான் இதற்குப் பெயர் சொன்னார்: செலக்டிவ் மியூட்டிசம். தமிழில் ‘தேர்ந்தெடுத்த மௌனம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் சம்மதமில்லை. அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பெயரில் வந்த இந்தத் தப்பு பழையதுதானாம். 1877இல் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை ‘வேண்டுமென்றே பேசாமை’ என்ற பொருளில் எழுதி வைத்தார். 1934இல் டிராமர் என்பவர் ‘விரும்பி ஏற்ற மௌனம்’ ஆக்கினார். 1994இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, ‘குறிப்பிட்ட இடங்களில் மட்டும் பேசாமை’ என்ற பொருள் வரும்படி பெயரை மாற்றியது. 2013இல் அதே கையேடு இதைப் பதற்றக் கோளாறுகளின் பட்டியலில் சேர்த்தது. அதாவது, இது பயம்தான் என்று பெரிய மருத்துவர்கள் ஒத்துக்கொள்ள நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதனால் அந்த டிபன் பாக்ஸ் டீச்சர் மேல் எனக்கு இப்போது கோபம் அவ்வளவாக இல்லை.

பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் பல குழந்தைகள் பேசாமல் இருக்கும். அது கணக்கில் வராது. அதைத் தாண்டி ஒரு மாதத்துக்கு மேல், வீட்டில் நன்றாகப் பேசும் குழந்தை பள்ளியில் வாய் திறக்கவில்லை என்றால் கவனிக்க வேண்டும். 2002இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் சின்ன வகுப்புகளில் எடுத்த ஒரு கணக்கில் 0.71 சதவீதக் குழந்தைகள் இப்படி இருந்தார்கள், ஏறக்குறைய 140 பேருக்கு ஒருவர். நீங்கள் பத்துப் பதினைந்து வருடம் சர்வீஸ் போட்டவர் என்றால் இப்படி ஒரு குழந்தையை அநேகமாகப் பார்த்திருப்பீர்கள். ‘அமைதியான பிள்ளை, தொந்தரவே இல்லை’ என்று நினைத்து விட்டிருப்பீர்கள்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் குனிந்து ‘உன் பேரு என்ன பாப்பா?’ என்று கேட்பார். அவள் உடம்பு கட்டை மாதிரி விறைக்கும், கண் அசையாது. ஒரு வினாடி, இரண்டு வினாடி. எனக்கு முகம் சுடும். சட்டென்று நானே பெயரைச் சொல்லி, ‘யூகேஜி படிக்கிறா’ என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். பெரியவருக்கு நிம்மதி, எனக்கு நிம்மதி, அவளுக்கு எல்லோரையும் விட நிம்மதி. சிகிச்சையாளர் முதல் நாளே இதைத்தான் பிடித்தார். கேள்வி வருகிறது, பயம் ஏறுகிறது, யாரோ வந்து காப்பாற்றுகிறார்கள், பயம் இறங்குகிறது. பேசாமல் இருந்தால் பயம் இறங்கும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு முறை நான் அவளுக்காகப் பேசியபோதும் அவளுடைய மௌனத்துக்கு ஒரு மிட்டாய் கொடுத்திருக்கிறேன்.

வகுப்பில் இந்த மிட்டாயை முப்பது பேர் கொடுப்பார்கள். புதிதாக ஓர் ஆசிரியர் உள்ளே வந்து அவளைப் பார்த்தாலே போதும், ‘டீச்சர், அவ பேச மாட்டா டீச்சர்!’ என்று கோரஸ் எழும். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நிமிடத்தில் ‘பேசாத பொண்ணு’ என்பது அவள் பெயராகிவிடுகிறது. ஒரு நாள் பேசிவிட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும் என்ற பயமும் கூட சேர்கிறது. அந்தக் கோரஸை ‘இன்னும் பேசல, அவ்வளவுதான்’ என்று சொல்லி நிறுத்த உங்களால் மட்டும்தான் முடியும்.

சிகிச்சையின் பெயர் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி. பெரியவர்களுக்கு என்றால் மனதில் ஓடும் எண்ணங்களை எடுத்து வைத்து அலசுவதும் இதில் ஒரு பெரிய பங்கு. ஆறு வயதுக் குழந்தையிடம், அதுவும் பேசாத குழந்தையிடம், எண்ணத்தைக் கேட்டு என்ன செய்வது? எங்களுக்கு எண்ணப் பகுதி ஒரு தாளோடு முடிந்தது. அந்தத் தாளில் ஐந்து மிளகாய் வரைந்திருந்தார். பயம் எவ்வளவோ அவ்வளவு மிளகாய்க்குச் சிவப்பு அடிக்க வேண்டும். கடைக்காரரிடம் பென்சில் கேட்பது? இரண்டு மிளகாய். பள்ளி மைதானத்தில் அம்மாவிடம் சத்தமாகப் பேசுவது? மூன்று. வருகைப் பதிவில் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்வது? ஐந்துக்கும் அடித்துவிட்டு, ஆறாவதாக ஒரு மிளகாயைத் தானே வரைந்து அதற்கும் அடித்தாள்.

குறைந்த மிளகாயிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் சலித்துப் போகிற வரைக்கும் செய்து, அடுத்ததற்கு ஏறுவது. சிகிச்சை அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். ஆறாவது வாரம் சிகிச்சையாளரின் அறையில் அவள் பேச ஆரம்பித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரோ, ‘என்கிட்ட பேசி என்ன லாபம்மா? நானா அவளுக்குப் பாடம் எடுக்கப் போறேன்? பயம் எந்த இடத்துல இருக்கோ மருந்தும் அந்த இடத்துலதான் வேலை செய்யும்’ என்றார். நிஜமான மருந்தும் உண்டு. பெரிய குழந்தைகளுக்கும், கடுமையாக இருக்கும் சிலருக்கும் பதற்றம் தணிக்கும் மாத்திரையை மருத்துவர்கள் இதோடு சேர்த்துக் கொடுப்பதுண்டு. எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அப்படித்தான் நான் ஒரு வகுப்பறையைத் தேட ஆரம்பித்தேன். பழைய பள்ளியில் ‘அதெல்லாம் ரூல்ஸ் இல்ல’ என்றார்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஊரிலேயே இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தேன். அங்கே இருந்த டீச்சரம்மா நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, ‘ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கு, இதையும் பாத்துருவோம்’ என்றார்.

காலை உணவுத் திட்டம் வந்த பிறகு அரசுப் பள்ளிகளில் எட்டேகாலுக்கே கதவு திறந்துவிடுகிறது. பிள்ளைகள் எல்லோரும் வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்து கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருக்க, வகுப்பறை காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். நான் ஒரு பல்லாங்குழியும் ஒரு டப்பா புளியங்கொட்டையும் கொண்டுபோனேன். ஏன் பல்லாங்குழி என்றால், குழி குழியாகப் போட்டுக்கொண்டே எண்ண வேண்டும். எண்ணுவதும் பேச்சுதான். அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை.

முதல் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவர் மட்டும். முதல் நாள் அவள் உதடு மட்டும் அசைந்தது. மூன்றாம் நாள் வீட்டுக் குரலில் எண்ணினாள், பள்ளிக்கூடச் சுவருக்குள்ளே. நான்காம் நாள் டீச்சர் வராண்டாவில் ஒரு தடவை நடந்து போனார். செருப்புச் சத்தம் கேட்டதும் ‘பதினொ…’ என்று குரல் அறுந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் என் கொட்டைகளைப் போட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ‘பதினொண்ணு’ வந்தது. அடுத்தடுத்த நாட்களில் கதவு கொஞ்சம் திறந்தது. டீச்சர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு மேசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினார். பிறகு நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் வந்தது. குரல் தாழ்ந்தால் ஒரு படி பின்னால், சரியானால் மறுபடி முன்னால். ஒரு நாள் தலைமை ஆசிரியர் கூப்பிட்டதால் டீச்சரால் வரவே முடியவில்லை. ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். அதற்குப் பிறகு நான்கு நாள் பின்னால் போய்த் தொடங்கினோம்.

எத்தனையாவது நாள் என்று எண்ணி வைக்கவில்லை. டீச்சர் இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்து சிவப்பு மையில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். என் மகளின் குழி ஒன்றில் நான்கு கொட்டை சேர்ந்தது. பல்லாங்குழி ஆடியவர்களுக்குத் தெரியும், நான்கு சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம். இருந்த ஆசையில் இடத்தை மறந்து ‘பசு!’ என்று கத்திவிட்டாள்.

அந்த நொடியில் டீச்சர் செய்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. தலை தூக்கவில்லை, கை தட்டவில்லை, ‘அய்யோ பேசிட்டாளே’ என்று கொஞ்சவில்லை. அடுத்த நோட்டை எடுத்துப் பிரித்தார். பேனா மட்டும் ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். மறுநாள் கீழே எங்களோடு வந்து உட்கார்ந்து, ‘எனக்கு எந்தப் பக்கம்?’ என்றார். ‘இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா’ என்று சேர்த்துக் கேட்டார். அந்தக் கேள்வி அப்படித்தான் இருக்க வேண்டும். ‘ஆமாவா இல்லையா’ என்று கேட்டால் தலையை ஆட்டித் தப்பித்துக்கொள்வார்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லக் கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து வினாடி ஐந்து நிமிடம் மாதிரி இருக்கும். என் மகள் நான்காவது வினாடியில் ‘அந்தப் பக்கம்’ என்றாள்.

அதற்குப் பிறகு நான் மெல்ல வெளியேற வேண்டும். தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று போனேன், கொஞ்சம் தாமதமாக வந்தேன், பிறகு வாசலோடு நின்றுகொண்டேன். ஒரு தோழி உள்ளே வந்தாள், அப்புறம் இன்னொருத்தி. இடையில் ஒரு தப்பும் நடந்தது. எல்லோர் முன்னாலும் என் காதில் மட்டும் கிசுகிசுத்து, என்னை மற்றவர்களிடம் சொல்ல வைக்க ஆரம்பித்தாள். முன்னேற்றம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். சிகிச்சையாளர் அதை உடனே நிறுத்தச் சொன்னார். காது தூது பழகிவிட்டால் அதுவே அடுத்த பூட்டு. இரண்டடி தள்ளி நின்று, ‘கேக்கல, இங்க வந்து சொல்லு’ என்று கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், அங்கே முழுக் குரலில் சொல்ல வைக்க வேண்டும்.

இது எங்கள் ஊர் டீச்சரின் கைராசி மட்டுமல்ல. நார்வேயில் வீட்டில் தொடங்கிப் பள்ளிக்குக் கொண்டுபோகும் இதே மாதிரியான முறையை 3 முதல் 9 வயது வரையிலான 24 குழந்தைகளிடம் செய்து பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். மூன்று மாதச் சிகிச்சையில் நல்ல மாற்றம் தெரிந்தது, அதுவும் சின்னக் குழந்தைகளிடம் கூடுதலாக. சிகிச்சை முடிந்து ஐந்து வருடம் கழித்து, இதே சிகிச்சை பெற்ற வேறு சிலரையும் சேர்த்து 30 குழந்தைகளைப் பார்த்தபோது 21 பேருக்கு முழுதாகச் சரியாகியிருந்தது, 5 பேருக்கு ஓரளவு, 4 பேருக்கு அப்படியே இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் வயது கூடக் கூடக் கடினம் என்று அது சொல்வதைப் படித்த பிறகு, ‘வளந்தா சரியாப் போயிடும்’ என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வாய்மொழித் தேர்வு பற்றியும் கொஞ்சம். சின்ன வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், வாசிக்கும் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரிக்கும்போது குழந்தை வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. வாசிக்காத குழந்தையை அரும்பில்தான் போட முடியும், ஆசிரியர் மேல் தப்பில்லை. என் மகள் ரேஷன் கடைப் பலகையில் ‘இருப்பு இல்லை’ வரைக்கும் வாசிப்பவள். வீட்டில் அவள் வாசித்ததைக் கைபேசியில் பதிவு செய்து அவளிடமே கேட்டேன்: ‘டீச்சருக்கு அனுப்பலாமா?’ அவள் மூன்று மிளகாய் என்றாள். ஒரு வாரம் கழித்து அனுப்பச் சொன்னாள். டீச்சர் கேட்டுவிட்டு மலரில் உட்கார வைத்தார். குரல் பதிவையோ, சுட்டிக் காட்டும் விடையையோ ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வரிச் சுற்றறிக்கை இருந்தால், டீச்சரின் பெரிய மனதை நம்பியிருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் கல்வி அதிகாரி யாராவது இருந்தால், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 29ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். குழந்தையைப் பயம், அதிர்ச்சி, பதற்றம் இல்லாமல் ஆக்க வேண்டும், கருத்தைத் தாராளமாகச் சொல்ல உதவ வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இந்தப் பேசாமை தனிப் பெயராக இல்லை. அதனால் இந்தக் குழந்தைகள் சிறப்புப் பயிற்றுநர்களின் பதிவேட்டில் ஏறாமலே போய்விடுகிறார்கள்.

மதுரைக்கும் சென்னைக்கும் போக எல்லோருக்கும் வசதியில்லை, எனக்குத் தெரியும். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போக ஃபீஸ் வேறு. அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்காக இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் முதலில் காட்டலாம், ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். சிகிச்சையாளர் கிடைக்கும் வரைக்கும் தண்ணீர் பாட்டிலையும் கோரஸையும் ஐந்து வினாடியையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை.

என் மகள் இன்னும் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘உள்ளேன் டீச்சர்’ முன்பெஞ்சு வரைக்கும்தான் கேட்கிறது. பாட்டில் பாதி காலியாக வருகிறது. ஜூனில் மூன்றாம் வகுப்பு. டீச்சரம்மாவுக்கு அதே ஒன்று, இரண்டு வகுப்புகள்தான். மூன்றுக்கு யார் வரப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நீங்களாக இருந்தால், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரமே காலை எட்டு இருபதுக்கு வகுப்பறையைத் திறந்து வைக்க முடியுமா? முதல் மூன்று நாள் நீங்கள் உள்ளே வரவே வேண்டாம். பல்லாங்குழியை நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா